அடக்கம் உடையீர்!

எட்டாம் வகுப்புக்கு வஞ்சப்புகழ்ச்சி அணி நடத்தும்போதெல்லாம் ஔவையாரைத்தான் துணைக்கு அழைத்துக்கொள்வேன். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த ஔவை, அங்கே வேலெல்லாம் நெய் பூசி, மாலை சூட்டி, அழகாக இருக்கின்றன என்றார். தன்னைத் தூது அனுப்பிய அதியமானின் வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தொண்டைமானின் வேல்கள் மெய்யாகவே அழகாகத்தான் இருந்தன. வெளியே எடுக்காமல் வைத்திருந்ததால் வந்த அழகு அது.

ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளே, உங்களைப் புகழத்தான் இதை எழுதுகிறேன். இதிலும் ஒரு சொல் பொய்யில்லை.

முதலில் உங்கள் அடக்கத்தைப் புகழ வேண்டும். அதை நான் முதன்முதலில் கண்டது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முகாமில். என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது. வலது பக்கம். இருபத்தாறு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கை. முகாமில் டோக்கன் வாங்கிக்கொண்டு மர நிழலில் காத்திருந்தோம். பசித்ததால் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வலது கையால் முடியாது. இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது. வீட்டிலும் அப்படித்தான், பதினோரு மாதமாகச் சுவரைப் பார்த்துத்தான் சாப்பாடு.

உங்களில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். அம்மாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையை எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால், "அம்மா, முன்னாடியெல்லாம் காலைல எந்திரிச்சதும் முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார். அத்தனை மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாசத் தெளிச்சுக் கோலம் போடுவேன் தாயி" என்றார்.

"நீங்க டாக்டரா?" என்று நான் கேட்டேன்.

"இல்லக்கா. ஓ.டி."

"ஆபரேஷன் தியேட்டர்லயா வேலை?"

"அதில்லக்கா..." சிரித்தார். "பிசியோ மாதிரிதான்."

அவர் படித்தது நாலரை ஆண்டு. உடற்கூறியல், நரம்பியல், மனநலம், கைக்கு ஸ்பிளின்ட் செய்யும் கலை எல்லாம் கற்று, நோயாளிகளோடு பயிற்சியும் முடித்துவிட்டு வந்த ஒருவர், தான் யார் என்று கேட்டவளிடம் இன்னொருவர் பெயரைச் சொல்லி, அதன் பின்னால் 'மாதிரி' என்ற சொல்லுக்குள் ஒதுங்கி நின்றார். இவ்வளவு அடக்கத்தை நான் வேறு எந்தப் படித்தவரிடமும் கண்டதில்லை. வக்கீல் குமாஸ்தாகூட வக்கீல் மாதிரிதான் என்று சொல்ல மாட்டார்.

எங்களைக் காப்பாற்றிய மருத்துவமனையையும் புகழ்ந்தே ஆக வேண்டும். அம்மா விழுந்த காலையில் அங்கே ஒரு நிமிடத்தையும் வீணாக்கவில்லை. ஸ்கேன், ஊசி, ஐ.சி.யூ. எல்லாம் மளமளவென்று நடந்தன. உயிரை மீட்டுக் கொடுத்தார்கள், அந்த நன்றி என் ஆயுள் உள்ளவரை இருக்கும். ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ். கையில் கொடுத்த தாளில் மாத்திரைகள் நேரத்தோடு இருந்தன, உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தது, மறுபடி வர வேண்டிய தேதி இருந்தது, 'பிசியோதெரபி' என்று ஒரு வரியும் இருந்தது. இந்த அம்மாள் வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவார், எப்படி ஜாக்கெட் போட்டுக்கொள்வார், எங்கள் வீட்டுக் கக்கூஸில் எப்படி உட்கார்ந்து எழுந்திருப்பார் என்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை. ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதை எழுத மறந்துபோகும் அளவுக்கு நீங்கள் அங்கே அரவமில்லாமல் இருந்திருக்கிறீர்கள். அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் உங்களுக்கு ஓர் அறை இருந்தது என்பதை மிகப் பிற்பாடுதான் அறிந்தேன்.

பிசியோதெரபிஸ்ட் தம்பி நான்கு மாதம் வீட்டுக்கு வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. படுத்துக் கிடந்தவரை உட்கார வைத்து, நிற்க வைத்து, தடி பிடித்துத் தெருமுனை வரை நடக்க வைத்தது அவர்தான். அவர் வேலையை அவர் செவ்வனே செய்தார். நடந்து போய் என்ன செய்வது என்பதுதான் மிச்சமிருந்தது. அடுப்படிவரை நடந்து போவார் அம்மா. அங்கே நின்று எதையும் தொட முடியாமல் திரும்பி வருவார்.

உங்கள் துறையின் பெயரைப் பற்றி ஒரு தமிழாசிரியையாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. முகாமில் உங்கள் மேசைக்கு மேலே 'தொழில்முறை சிகிச்சை' என்று எழுதியிருந்தது. எங்களோடு வந்திருந்த சித்தப்பா அதைப் படித்துவிட்டு, "இது கம்பெனி வேலையில அடிபட்டவங்களுக்கு, நமக்கில்ல" என்றார். வேறோர் இடத்தில் செயல்முறை சிகிச்சை என்று இருக்கிறது. இன்னோர் இடத்தில் தொழில்வழி மருத்துவம். ஒரே கைக்கு எத்தனையோ மோதிரம். எந்தப் பெயரையும் நீங்கள் இதுதான் எங்கள் பெயர் என்று உரிமையோடு பிடித்துக்கொண்டதில்லை. யார் எப்படி அழைத்தாலும் திரும்பிப் பார்க்கிறீர்கள். அது பெருந்தன்மை. ஆனால் அந்தப் பெருந்தன்மையால் கைவிட்டுப் போனது எவ்வளவு நல்ல சொல் என்பதை அன்று இரவுதான் உணர்ந்தேன்.

இருபது வருடமாக நான் கரும்பலகையில் எழுதுகிற பாடம் தொழிற்பெயர். உண்ணல், உடுத்தல், நடத்தல், எழுதல். இலக்கணத்தில் தொழில் என்றால் சம்பளம் வரும் வேலை என்று பொருளில்லை. ஒருவர் செய்கிற எந்தச் செயலும் தொழில்தான். வாசல் தெளிப்பதும் தொழில், தலை வாருவதும் தொழில். இலக்கணக்காரன் வைத்த அந்தப் பொருளில் பார்த்தால் ஆக்குபேஷனல் தெரபி என்பதற்குத் 'தொழில்' என்பதைவிடப் பொருந்தும் சொல் எந்த மொழியிலும் கிடைக்காது. என் அம்மா இழந்தது தொழிற்பெயர்களைத்தான். உண்ணல் போயிற்று, உடுத்தல் போயிற்று, முடிதல் போயிற்று. அவற்றை மீட்பதற்கென்றே ஒரு படிப்பும் ஆளும் இருக்க, நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டு சொல்லிவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்து அம்மா சுவரைப் பார்த்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகாமில் சந்தித்த அந்தப் பெண் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வரத் தொடங்கினார். உங்கள் கைத்திறனைப் பற்றி நான் சொல்வதற்கு எல்லையே இல்லை.

முதல் நாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நிலைப்படியின் உயரத்தைக் கையால் அளந்தார். குளியலறையில் சுவரில் பிடிமானக் கம்பி எங்கே வர வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டார். நான் அம்மாவுக்கு ஜாக்கெட் போட்டுவிடுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, முடியாத கையை முதல்ல நுழைக்கணும். கழட்டும்போது அந்தக் கையைக் கடைசியா எடுக்கணும்" என்றார். பதினோரு மாதமாக நான் தலைகீழாகச் செய்திருந்தேன். நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டு, செயலிழந்த கையை இழுத்து இழுத்துப் பின்னால் கொண்டுபோயிருக்கிறேன். அம்மாவின் வலது தோள் ராத்திரியெல்லாம் வலித்ததற்கு அப்படி இழுத்ததும் காரணம். என் கையால் நான் கொடுத்த வலி. இரண்டு வாக்கியத்தில் சொல்லிக் கொடுக்கக்கூடிய செய்தி. அந்த இரண்டு வாக்கியத்தை டிஸ்சார்ஜ் ஆன அன்று யாராவது சொல்லியிருந்தால் என்பதை நினைக்காமல் இன்றும் என்னால் ஜாக்கெட்டைக் கையில் எடுக்க முடிவதில்லை.

ஜாக்கெட் கொக்கிகளை எடுத்துவிட்டு ஒட்டுப்பட்டை தைக்கச் சொன்னார். கரண்டிக் காம்பில் துணியும் பஞ்சும் சுற்றிப் பருமனாக்கினார். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி, சோறு வெளியே சரியாமலிருக்க விளிம்பு உயர்ந்த தட்டு. விரல்கள் உள்பக்கம் மடங்கி இறுகத் தொடங்கியிருந்தன. வெந்நீரில் இளகும் ஒருவகைப் பிளாஸ்டிக் தகட்டை அம்மாவின் கை மேலேயே படிய வைத்து, ராத்திரி கட்டிக்கொண்டு படுக்க ஸ்பிளின்ட் செய்தார். "இது மொதல்லயே போட்டிருந்தா இவ்வளவு இறுகியிருக்காது" என்று சொன்னபோது அவர் குரலில் யார் மேலும் பழி இல்லை. அதுவும் உங்கள் குணம்.

பிறகு பொறுக்குதல். முதல் வாரம் முறத்தில் புளியங்கொட்டைகள்; ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். சில வாரம் கழித்துக் கொண்டைக்கடலை. அப்புறம் துவரை. கடைசியில் பாசிப்பயறு. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தேடிப் போய்த் தொடுவதற்கு அம்மா பட்ட பாடும், தொட்ட அன்று அவர் முகமும் எனக்குள் இருக்கின்றன. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னபோது மூன்று நிமிடத்தில் அலுத்துப்போனவர், பயறு என்றதும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். அது அவருக்குத் தெரிந்த வேலை. அரிசியிலும் பருப்பிலும் கல் பொறுக்கி வாழ்ந்தவருக்கு, விரலுக்கு முன்னால் மனசு அங்கே போய்விடுகிறது.

இங்கேதான் உங்கள் பொறுமையைப் புகழ வேண்டிய இடம் வருகிறது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் அத்தை ஒரு சனிக்கிழமை வந்தார். முறத்தையும் பயற்றையும் பார்த்தார். "பருப்புப் பொறுக்க வைக்கிறதுக்கா ஊர்லேர்ந்து ஆள் வருது? இதுக்குத் துட்டு வேறயா?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்தார். எந்தப் பதிலும் சொல்லாமல் ஒரு பயற்றை எடுத்து அம்மாவின் விரலருகே வைத்தார். மனசில் கோபமே இல்லை. அவ்வளவு பொறுமை.

அந்த அத்தையின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்தவர். அவருக்கும் பக்கவாதம். மூன்று வருடமாகக் கட்டிலில். அத்தைதான் ஊட்டுகிறார், அத்தைதான் எல்லாம். அன்றைக்கு அந்தச் சிரிப்புக்குப் பதிலாக நாலு வார்த்தை வந்திருந்தால், "இது பருப்புக்காக இல்லைங்கம்மா, விரலுக்காக. இது பழகினா நாளைக்குச் சோத்தை அள்ளிடுவாங்க" என்று சொல்லியிருந்தால், அத்தை அங்கேயே உட்கார்ந்திருப்பார். எங்க வீட்டிலும் ஒருத்தர் கெடக்கார் என்று சொல்லியிருப்பார். அவர் உதட்டைச் சுழித்துக்கொண்டு எழுந்து போனார். அவர் போனபின் நானும் போய்ச் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? எனக்கும் அது பிசியோ மாதிரிதானே.

அந்தச் சிரிப்பால் மாமாவுக்கு இன்னும் ஐந்து மாதம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டு கடைசி பஸ் வரவில்லை. அந்தப் பெண் எங்கள் வீட்டிலேயே தங்கினார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, "உன் படிப்பு என்னதான் படிப்பு, சொல்லு" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். வகுப்பில் நான் கேட்ட எந்தப் பாடமும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

1917 மார்ச் 15ஆம் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், ஒரு வீட்டில் ஆறு பேர் கூடி இந்தத் துறைக்கென்று முதல் சங்கத்தை அமைத்தார்களாம். ஒரு மனநல மருத்துவர், சமூகப் பணி செய்த எலினார் கிளார்க் ஸ்லேகல், கைவினை ஆசிரியை ஒருவர், செயலாளராக ஓர் அம்மாள், கட்டடக் கலைஞர்கள் இருவர். அந்த இருவரில் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன்தான் வீட்டுக்குச் சொந்தக்காரர். காசநோயோடு போராடி, இடது பக்கம் செயலிழந்து, தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தன்னை மீட்டுக்கொண்டவர். துறைக்குப் பெயர் வைத்தவரும் அவரே. ஒரு நோயாளி தன் நோயிலிருந்து எழுந்து வந்து நிறுவிய மருத்துவத் துறை எத்தனை இருக்கின்றன? இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்தியாவில் இதைத் தொடங்கியவர் ஒரு பெண். எலிசபெத் லண்டி என்ற அமெரிக்கர். இங்கே நிம்ப்கர் குடும்பத்தில் மணம் செய்துகொண்டு கமலா ஆனார். நடுவயதில் அமெரிக்கா போய் இந்தப் படிப்பைப் படித்துத் திரும்பி, 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் அகில இந்தியச் சங்கம். அதே 1952இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்தப் பத்தில் நாம் இருந்தோம் என்பது எனக்கு யாரும் சொல்லாத செய்தி.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. 1940களின் இறுதியில் வேலூரில் பால் பிராண்ட் என்ற மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு திரும்பிப் போனவர்களுக்கு ஊரில் வேலை இல்லை. விறைத்த கைக்கு விழுந்த பிச்சையும் நின்றுபோயிற்று. கை மட்டும் சரியானால் போதாது, அந்தக் கைக்குச் செய்ய ஒன்று வேண்டும் என்று கண்டு, மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே தச்சு வேலை பழக்கும் புதுவாழ்வு மையத்தை அமைத்தார்கள். உங்கள் துறையின் உயிர்க்கருத்தே இதுதான் என்று அந்தப் பெண் சொன்னார்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு இந்த மண்ணில் எழுபது ஆண்டுக்கு மேல் ஓசைப்படாமல் உழைத்த துறை வேறொன்று எனக்குத் தெரியவில்லை. 2021இல் வந்த துணைநிலை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம்கூடப் பிசியோதெரபியை ஒரு பிரிவாகவும் உங்களைத் தனிப் பிரிவாகவும் பிரித்து வைத்திருக்கிறது. சட்டத்துக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. எங்கள் தெருவுக்குத் தெரியவில்லை.

"ஏன் இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது?" என்று கேட்டேன். "சொன்னா யாருக்குக்கா புரியும்? டாக்டர்ங்களே அனுப்பறதில்ல. எங்க மாவட்டத்துல எங்க ஆளுங்களை விரல் விட்டு எண்ணிடலாம். பிசியோ மாதிரின்னு சொன்னாத்தான் வீட்டுக்குள்ள விடறாங்க" என்றார். அதில் உண்மை இருக்கிறது. கதவைத் திறக்க அந்தச் சொல் உதவுகிறது. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லி உள்ளே போன பிறகு நீங்கள் யாராக வெளியே வருகிறீர்கள்? நோயாளி தேறியபின் வீட்டார் நன்றி சொல்வது பிசியோவுக்கு. அடுத்த வீட்டுக்காரர் கேட்டால் பரிந்துரைப்பதும் பிசியோவை. அந்த அடுத்த வீட்டில் ஒரு கை இறுகிக்கொண்டிருக்கும். பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில்தான் உடம்பு வேகமாகத் தேறும் என்று சொன்னதும் நீங்கள்தானே? அந்த மாதங்கள் உங்கள் அடக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை.

சென்னையில் என் தோழியின் மகனுக்கு ஆட்டிசம். வாரம் மூன்று நாள் 'ஓ.டி. கிளாஸ்' என்று அழைத்துப் போகிறாள். ஊஞ்சலில் ஆட்டுகிறார்கள், பந்து மேல் உருட்டுகிறார்கள் என்றாள். ஏன் ஊஞ்சல் என்று இரண்டு வருடமாக அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அசைவையும் தொடுதலையும் குழந்தையின் மூளை எப்படி வரிசைப்படுத்திக்கொள்கிறது என்று ஜீன் ஏயர்ஸ் என்ற உங்கள் துறைப் பெண் தன் வாழ்நாளையே கொடுத்து ஆராய்ந்ததை, அந்த மழை ராத்திரிக்குப் பிறகு நான்தான் அவளுக்குச் சொன்னேன். ஒரு தமிழ் டீச்சர்.

அம்மா இப்போது பருத்த காம்புக் கரண்டியால் வலது கையில் சாப்பிடுகிறார். தயிர்ச் சோறு என்றால் கரண்டியை வைத்துவிட்டு மூன்று விரலால் அள்ளுகிறார், கொஞ்சம் சிந்தும். கொண்டை இன்னும் நான்தான் போட்டுவிடுகிறேன். கோலம் நான்கு புள்ளிக்கு மேல் போகவில்லை. ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்வதில்லை.

போன மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அந்தப் பெண்ணை அத்தை வீட்டுக்கு நானே அழைத்துப் போனேன். அம்மாவும் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். அத்தை வாசலில் நின்றபடி, "யாரு இது, பிசியோவா?" என்று கேட்டார். நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் சொன்ன வாய் அது. உதட்டில் அதே சிரிப்பு. "மாதிரிதான்..." என்று தொடங்கினார்.

"பிசியோ இல்ல மதினி" என்றார் அம்மா. தடியை இடது கையில் ஊன்றிக்கொண்டு வலது கையைத் தூக்கி, மூன்று விரலையும் குவித்துக் காட்டினார். "இந்தப் பொண்ணு வந்துதான் நான் எங் கையால சோறு திங்கிறேன். அண்ணனைப் பாக்கத்தான் கூட்டியாந்திருக்கோம். தள்ளு."

அத்தை அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவை முழுக்கத் திறந்தார். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டீக்கடையை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று மாமாவிடம் கேட்பது வாசல்வரை கேட்டது.